யாரால்? கைவிடுதலின் இலக்கணமும் கோப்பின் அரசியலும்

1

மனநலம் பற்றிய பேச்சு இன்று நம் எழுத்துச் சூழலில் பெருகியிருக்கிறது. வீட்டுக்குள்ளேயே அமுக்கிவைக்கப்பட்டிருந்த மனச்சோர்வும் பதற்றமும் தற்கொலை எண்ணமும் இப்போது கவிதையில், தன்வரலாற்றில், இயக்கக் கூட்டங்களில்கூடப் பேசப்படுகின்றன. வரவேற்க வேண்டிய மாற்றம்தான். ஆனால் இந்தப் பேச்சு முழுவதும் ஒரே திசையில் போகிறது. நோயுற்றவர் தயங்குகிறார்; அவரை எப்படியாவது சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும்; அனுப்பிவிட்டால் நம் வேலை முடிந்தது. சிகிச்சை அறையின் கதவு சாத்தப்பட்ட பிறகு அங்கே அதிகாரம் எப்படி இயங்குகிறது என்பது பேசப்படுவதில்லை. சிகிச்சையளிப்பவரே பாதியில் விட்டுவிட்டுப் போனால் என்ன ஆகும் என்ற கேள்வி எழுவதே இல்லை. யாராவது கேட்டாலும், ‘வேற ஆளப் பாத்துக்க வேண்டியதுதானே’ என்பதுதான் பதில்.

முதலில் ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். சிகிச்சை முடிவதும் கைவிடப்படுவதும் ஒன்றல்ல. எந்தச் சிகிச்சையும் ஒருநாள் முடியத்தான் வேண்டும். மருத்துவருக்கு நோய் வரலாம், ஊர் மாறலாம், தன்னால் இந்தச் சிக்கலைக் கையாள முடியவில்லை என்று தோன்றலாம். நோயாளியால் அச்சுறுத்தப்படுகிற மருத்துவருக்கு உடனே விலகும் உரிமை உண்டு என்பதிலும் எனக்கு ஐயமில்லை. அமெரிக்க உளவியல் சங்கத்தின் 2002ஆம் ஆண்டு ஒழுக்க விதிகள் இதையெல்லாம் ஒப்புக்கொண்டுதான் பேசுகின்றன. விலகுவதற்கு முன்னால் அதுபற்றி நோயாளியிடம் பேச வேண்டும், வேறு யாரிடம் போகலாம் என்று வழிகாட்ட வேண்டும் என்பதே அவை பொதுவாகக் கேட்பது. பேச்சும் இல்லாமல், காரணமும் இல்லாமல், போக வேறு இடமும் காட்டாமல் நிறுத்திக்கொள்வதைத்தான் கைவிடுதல் என்கிறேன்.

இப்படிக் கைவிடப்பட்டவர் கேட்கும் கேள்விக்கு என்ன நேர்கிறது என்பதை உளப்பகுப்பாய்வின் தொடக்ககாலப் பிரதிகள் சிலவற்றை வைத்துப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம். பிரதிகளைப் பார்ப்பதால் இது வெறும் இலக்கிய வாசிப்பு என்று யாரும் ஒதுக்கிவிட வேண்டாம். சிகிச்சை அறையில் நடப்பதில் கடைசியாக மிஞ்சுவது ஒரு பிரதிதான். அதற்குக் கோப்பு என்று பெயர். அதை எழுதுவது யார், அதில் வினைமுதலாக நிற்பது யார் என்பதில் எல்லாம் அடங்கியிருக்கிறது.

2

தமிழ் படித்தவன் என்பதால் இலக்கணத்திலிருந்து தொடங்குகிறேன். ‘கைவிடப்பட்டேன்’ என்பது செயப்பாட்டுவினை. இதில் எழுவாய் ‘நான்’; ஆனால் வினையைச் செய்தவன் நானல்ல. செய்தவரைச் சொல்ல வேண்டுமென்றால் மூன்றாம் வேற்றுமையை அழைத்து வர வேண்டும்: ‘அவரால் கைவிடப்பட்டேன்’. நடைமுறையில் இந்த ‘ஆல்’ முதலில் உதிர்ந்துவிடுகிறது. கைவிடுதல் ஒருவர் செய்த செயலாக இல்லாமல் என்னைப் பிடித்த ஒரு நிலையாக, ஒரு காய்ச்சலைப்போல ஆகிவிடுகிறது. பிறகு அதை ‘கைவிடப்பட்ட உணர்வு’ என்று பெயர்ச்சொல்லாக்கி, அதற்கும் மருந்து சொல்லத் தொடங்குகிறார்கள்.

மூன்றாம் வேற்றுமையில் இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. ‘ஆல்’ மட்டுமல்ல, ‘ஓடு’வும் அதன் உருபுதான். கருத்தாவும் உடனிகழ்ச்சியும் ஒரே வேற்றுமைக்குள் வருகின்றன. சிகிச்சை என்கிற உறவு ‘ஓடு’வை நம்பி நடப்பது. அவரோடு பேசுகிறேன், அவரோடு என் இறந்தகாலத்துக்குள் போகிறேன். விட்டுப் போகும்போது ‘அவரோடு’ என்பது ‘அவரால்’ என்று மாறியிருக்க வேண்டும். மாறுவதில்லை. இரண்டு உருபுமே மறைந்து, நான் மட்டும் தனியாக எழுவாய் இடத்தில் நிற்கிறேன்.

இதை நான் புத்தகத்திலிருந்து மட்டும் சொல்லவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தனியார் மையத்தில் உளவியல் ஆலோசகர் ஒருவரிடம் பதினான்கு மாதம் வாரம் தவறாமல் போய்வந்தேன். அப்பாவின் சாவைப் பற்றி முதன்முதலாக வாய்திறந்து பேசத் தொடங்கியிருந்த நேரம். ஒரு செவ்வாய்க்கிழமை கைபேசியில் இரண்டு வரி வந்தது. இனித் தொடர இயலாது, நலம் பெற வாழ்த்துகள் என்று. அவ்வளவுதான். மூன்று கேள்விகளை எழுதி அனுப்பினேன். ஏன் நிறுத்தினீர்கள்? இனி யாரிடம் போக? நான் சொன்னவை எழுதப்பட்டிருக்கும் தாள்கள் எங்கே? பதில் வரவில்லை. மையத்துக்கு நேரில் போனேன். பொறுப்பாளர் மிக மென்மையாகப் பேசினார். ‘உங்களுக்கு அவங்க மேல டிரான்ஸ்ஃபரன்ஸ் ஆயிருக்கு. அதனாலதான் இவ்வளவு கோபம் வருது. இதை வேற ஒருத்தர்கிட்ட ஒர்க் பண்ணலாம்’ என்றார்.

டிரான்ஸ்ஃபரன்ஸ் என்பது, பழைய உறவுகளின் உணர்ச்சிகள் இடம் மாறி மருத்துவர்மீது வந்து ஏறுவதைக் குறிக்கும் உளப்பகுப்பாய்வுச் சொல். அப்படி ஒன்று நிகழ்வதை நான் மறுக்கவில்லை. என் கோபத்தில் அப்பாவின் பங்கும் இருந்திருக்கலாம். ஆனால் நான் கேட்டது மூன்று கேள்வி. ‘தாள்கள் எங்கே’ என்பதற்கும் அப்பாவுக்கும் என்ன தொடர்பு? வாடகைக்கு இருப்பவர் ‘முன்பணத்தைத் திருப்பித் தாருங்கள்’ என்று கேட்கும்போது, ‘உங்களுக்கு வீட்டின்மீது பற்று அதிகம்’ என்று வீட்டுக்காரர் சொன்னால் எப்படியிருக்கும்! இங்கே கேள்வி பதிலளிக்கப்படவில்லை, நோய்க்குறியாக வாசிக்கப்பட்டது. முறையிடுபவரை அவரது முறையீட்டை வைத்தே நோயாளியாக்கும் இந்த வாசிப்பு முறை சிகிச்சை நிறுவனத்தின் மிக வலுவான கவசம்.

மிஷல் ஃபூக்கோ 1961இல் வெளியான தம் பைத்தியத்தின் வரலாற்றில் ஃப்ராய்ட் பற்றி வைத்த வாதத்தை இங்கே நினைவுபடுத்திக்கொள்ளலாம். மனநோயர் விடுதியின் சுவர்களையும் கண்காணிப்பையும் ஃப்ராய்ட் விலக்கினார். ஆனால் அங்கே பரவிக் கிடந்த அதிகாரங்களை எல்லாம் திரட்டி மருத்துவர் என்ற ஒற்றை மனிதரிடம் குவித்தார் என்பது அந்த வாதம். குவிந்த இடத்திலிருந்து அந்த மனிதர் எழுந்து போய்விட்டால் எஞ்சுவது என்ன என்பதை ஃபூக்கோ கேட்கவில்லை. நாம் கேட்டுப் பார்க்கலாம்.

3

உளப்பகுப்பாய்வின் முதல் நோயாளி என்று சொல்லப்படுபவர் அன்னா ஓ. இது பிரதிக்குள் அவருக்கு இடப்பட்ட பெயர். உண்மைப் பெயர் பெர்த்தா பாப்பன்ஹைம். 1859இல் வியன்னாவில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். தந்தையின் நோய்ப் படுக்கைக்கு அருகிலிருந்து பணிவிடை செய்யும் காலத்தில் அவருக்கு இருமலும் முடக்கமும் பார்வைக் கோளாறும் வந்தன. தாய்மொழியான ஜெர்மன் நாவிலிருந்து நழுவி ஆங்கிலத்தில் மட்டும் பேசக்கூடியவராக இருந்தார். ஜோசப் ப்ராயர் என்ற மருத்துவர் 1880இன் இறுதியிலிருந்து 1882 ஜூன் வரை அவரைக் கவனித்தார். மனதில் உள்ளதைச் சொல்லச் சொல்ல அறிகுறிகள் தணிவதை இருவரும் கண்டார்கள். இதற்குப் ‘பேச்சு வைத்தியம்’ என்று பெயரிட்டது மருத்துவரல்ல, அந்தப் பெண். புகைபோக்கியைத் துடைப்பது என்றும் அவர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. ஆக, ஒரு துறையின் அடிப்படைச் சொல்லை நோயாளி உண்டாக்கினார். துறை மருத்துவர்களின் பெயரில் நிலைபெற்றது.

ப்ராயரும் ஃப்ராய்டும் சேர்ந்து 1895இல் வெளியிட்ட ஹிஸ்டீரியா ஆய்வு நூலில் இந்தச் சிகிச்சையின் முடிவு எப்படிச் சொல்லப்படுகிறது? அதன் பிறகு அவர் வியன்னாவை விட்டுப் பயணம் போனார், முழுச் சமநிலை திரும்பக் கணிசமான காலம் பிடித்தது, அதுமுதல் முழு நலத்தோடு இருக்கிறார். சாரம் இதுதான்.

எல்லன்பெர்கர் என்ற ஆய்வாளர் 1972இல் சுவிட்சர்லாந்தின் க்ராய்ட்ஸ்லிங்கன் நகரில் இருந்த பெல்வ்யூ மனநல விடுதியின் கோப்புகளிலிருந்து வேறொரு கதையை வெளியே கொண்டுவந்தார். 1978இல் ஹிர்ஷ்ம்யூல்லர் மேலும் ஆவணங்களை வெளியிட்டார். சிகிச்சை முடிந்ததாகச் சொல்லப்பட்ட அடுத்த மாதமே, 1882 ஜூலையில், பாப்பன்ஹைம் அந்த விடுதியில் சேர்க்கப்பட்டிருக்கிறார். ஏற்பாடு செய்தவர் ப்ராயர். அப்போது அவருக்குக் கடுமையான முகநரம்பு வலி. வலிக்காகக் கொடுத்த மார்ஃபினுக்கு அடிமையாகியிருந்தார். அக்டோபர் இறுதியில் அங்கிருந்து வெளியே வந்தார். ப்ராயர் அவரைத் திரும்பத் தம் நோயாளியாக ஏற்கவில்லை. 1883க்கும் 1887க்கும் இடையில் வியன்னாவுக்கு அருகில் இன்ஸெர்ஸ்டார்ஃப் விடுதியில் மறுபடி மறுபடி சேர்க்கப்பட்டார்.

இங்கே ப்ராயரைக் கொடியவராக ஆக்கிவிடுவது எளிது, சரியுமல்ல. அவர் நோயாளியை நடுத்தெருவில் விடவில்லை. வேறிடம் ஏற்பாடு செய்தார். நோய் விவரத்தை விரிவாக எழுதி அந்த விடுதிக்கு அனுப்பினார். இன்றைய விதிகள் கேட்பதில் பாதியை அவர் அன்றே செய்திருக்கிறார். அந்த வழக்கை அதற்குமேல் தாங்க முடியாமல் அவர் விலகியதைக்கூடப் புரிந்துகொள்ளலாம். பிரச்சினை 1882இல் இல்லை; 1895இல் இருக்கிறது. ‘நான் அனுப்பினேன்’ என்ற வாக்கியம் ‘அவள் புறப்பட்டாள்’ என்று திருத்தி எழுதப்படுகிறது. வினைமுதல் மாறிவிட்டது. விட்டுப் போவது எப்போதும் குற்றமாகாது. விட்டுப் போனதை மற்றவர் செய்த செயலாக மாற்றி எழுதுவது குற்றம்.

இதோடு நிற்கவில்லை. 1953இல் எர்னெஸ்ட் ஜோன்ஸ் தம்முடைய ஃப்ராய்ட் வாழ்க்கை வரலாற்றின் முதல் தொகுதியில் அன்னாவின் உண்மைப் பெயரை ஊரறிய வெளியிட்டார். கூடவே ஒரு கதையும் சொன்னார். நோயாளி மருத்துவர்மீது மயங்கிப் பொய்க்கர்ப்பம் கொண்டாளாம். பதறிப்போன ப்ராயர் மனைவியோடு வெனிஸுக்குப் போய்விட்டாராம். அங்கே ஒரு மகள் கருவானாளாம். இந்தக் கதையின் வேர், நிகழ்ச்சிக்கு ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1932இல் ஃப்ராய்ட் எழுத்தாளர் ஸ்டெஃபான் ஸ்வெய்க்குக்கு எழுதிய கடிதத்தில் இருக்கிறது. ப்ராயரின் அந்த மகள் பிறந்தது 1882 மார்ச்சில், அதாவது சிகிச்சை முடிவதற்கு முன்பே, என்று எல்லன்பெர்கர் எடுத்துக்காட்டிய பிறகும் கதை ஓயவில்லை. ஏன் ஓயவில்லை என்பது யோசிக்க வேண்டியது. மருத்துவர் போனதற்கு நோயாளியின் ஆசைதான் காரணம் என்று அது சொல்கிறது. கைவிடப்பட்டவரையே கைவிடுதலின் வினைமுதலாக்கும் கதையாடல் நிறுவனத்துக்குத் தேவைப்படுகிறது. உண்மை ஒரு பொருட்டல்ல.

4

ஃப்ராய்டின் டோரா வழக்கு இதன் மறுபக்கம். இங்கே விட்டுப் போனவர் நோயாளி. இடா பௌவர் என்ற அந்தப் பெண்ணுக்கு அப்போது பதினெட்டு வயது. தந்தையின் நண்பர், பிரதியில் ‘கே.’ என்று குறிக்கப்படுபவர், சிறுமியாக இருந்தபோதே தன்னிடம் பாலியல்ரீதியாக அத்துமீறினார் என்று அவர் வீட்டில் சொல்லியிருந்தார். கே. மறுத்தார், தந்தை கேயை நம்பினார். தந்தைக்கும் கேயின் மனைவிக்கும் உறவு இருந்தது. மகளின் வாயை அடைக்க, அவளுக்குப் புத்தி சொல்லும்படி ஃப்ராய்டிடம் கொண்டுவந்து விட்டவரும் அந்தத் தந்தைதான். 1900 அக்டோபரில் தொடங்கிய சிகிச்சை டிசம்பர் 31ஆம் தேதி முடிந்தது. இதுதான் கடைசி நாள் என்று அவரே வந்து சொன்னார். இரண்டு வாரம் முன்னறிவிப்புக் கொடுத்து வேலையை விடும் பணிப்பெண்ணோடு ஒப்பிட்டு அதை வாசித்தார் ஃப்ராய்ட்.

நோயாளி விட்டுப் போனால் அது பழிவாங்கல். மருத்துவர் விட்டுப் போனால்? அதற்கும் இதே பிரதியில் விடை இருக்கிறது. 1902 ஏப்ரல் 1ஆம் தேதி முகநரம்பு வலியோடு இடா திரும்பி வந்தார், உதவி கேட்டு. முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் இவர் மனப்பூர்வமாகக் கேட்கவில்லை என்று தெரிந்துவிட்டதாக ஃப்ராய்ட் எழுதுகிறார். சிகிச்சை தரவில்லை; மன்னித்துவிடுவதாக வாக்களித்து அனுப்பிவிட்டார். வலியோடு வந்தவரை வாசலோடு திருப்பியனுப்பிய இந்தச் செயலைக் கைவிடுதல் என்று அந்தப் பிரதி எங்கும் குறிப்பதில்லை. 1905இல் அது அச்சாகி, துறையின் முக்கியப் பாடநூல்களில் ஒன்றாயிற்று.

ஆனால் அதே பின்னுரையில் ஃப்ராய்ட் போகிற போக்கில் ஒரு செய்தியைத் தருகிறார். எனக்கு இந்த வழக்கிலேயே முக்கியமான இடம் அதுதான். சிகிச்சையை விட்டுச் சில மாதங்கள் கழித்து, கே. குடும்பத்தில் ஒரு குழந்தை இறந்தபோது இடா துக்கம் கேட்கப் போனார். கேயின் மனைவியிடம், உங்களுக்கும் என் அப்பாவுக்கும் உள்ள உறவு எனக்குத் தெரியும் என்றார், அவர் மறுக்கவில்லை. கேயிடம் நடந்ததை ஒப்புக்கொள்ள வைத்தார். அந்த ஒப்புதலைத் தந்தையிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

இதைப் பழிதீர்த்தல் என்று வாசிக்கலாம். துக்க வீட்டில் போய்க் கேட்டாளே என்று முகம் சுளிக்கலாம். நான் இதை ஒரு பதினெட்டு வயதுப் பெண் தனியாளாக நடத்திய விசாரணையாக வாசிக்கிறேன். பதினொரு வார உளப்பகுப்பாய்வு செய்யாததை அவர் செய்தார். அவருடைய ஆசை என்ன, கனவு என்ன என்றே சிகிச்சை கேட்டுக்கொண்டிருந்தது. அவர் கேட்டது: நடந்ததா, இல்லையா? சொல்லுங்கள். அந்த ஒப்புதல் அவரைக் குணப்படுத்திவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். 1902இல் வலியோடு திரும்பி வந்தவர்தான் அவர். ஆனால் பொய்யர் என்று முத்திரை குத்தப்பட்டவர் உண்மை சொன்னவராக நிமிர்ந்தார். ‘தேறிவா’, ‘மறந்துவிடு’, ‘குளோஷர் தேடிக்கொள்’ என்று இன்றைக்குச் சொல்லப்படும் அறிவுரைகளில் இதற்கு இடமே இல்லை. தேறுவது ஒரு பக்கம், பொறுப்புக் கேட்பது இன்னொரு பக்கம் என்று பிரித்துவைத்திருக்கிறார்கள். பொறுப்புக் கேட்பவர் இன்னும் தேறவில்லை என்று பொருளாகிவிடுகிறது. இடாவுக்குத் தேறுவதற்கான வழியே கேட்பதாக இருந்தது.

5

மருத்துவர் தரப்பிலிருந்து இதைப் புரிந்துகொண்ட ஒருவர் உண்டு: புடாபெஸ்ட்டைச் சேர்ந்த ஷாண்டோர் ஃபெரன்சி. ஃப்ராய்டுக்கு மிக நெருக்கமானவர். 1932 செப்டம்பரில் வீஸ்பாடன் மாநாட்டில் அவர் படித்த கட்டுரை, குழந்தைகள்மீதான பாலியல் வன்முறை நோயாளிகளின் கற்பனையல்ல, நடந்தது என்றது. அதோடு மருத்துவரின் தொழில்முறைப் பாசாங்கைப் பற்றியும் பேசியது. உள்ளுக்குள் எரிச்சலும் சலிப்புமாக இருந்துகொண்டு வெளியே கனிவு காட்டும் மருத்துவர், நோயாளியின் குழந்தைப் பருவத்தில் நடந்ததையே திரும்ப நடத்துகிறார். தீங்கு செய்தவர்கள் எதுவும் நடக்காததுபோல் இருந்தார்களே, அதைத்தான். மருத்துவர் தம் தவறை ஒப்புக்கொள்ளும்போதுதான் இப்போதைய உறவு பழைய காயத்திலிருந்து வேறுபடுகிறது, நம்பிக்கை பிறக்கிறது என்பது அவருடைய கண்டுபிடிப்பு.

இதை அவருக்குக் கற்றுத் தந்தவர்களில் முதன்மையானவர் அமெரிக்க நோயாளி எலிசபெத் செவர்ன். நீங்கள் என்னை வெறுக்கிறீர்கள், அதை ஒப்புக்கொள்ளுங்கள் என்று விடாமல் கேட்டவர். மருத்துவர் நோயாளியையும் நோயாளி மருத்துவரையும் மாறிமாறிப் பகுப்பாய்வு செய்வது என்ற வினோதமான சோதனைக்கு இருவரும் போனார்கள். அதன் ஆபத்துகளை ஃபெரன்சியே தம் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறார். நோயில் விழுந்த அவர் 1933 மே மாதம் இறந்தார். அதற்குச் சில மாதங்கள் முன்பே, பிப்ரவரியில், சிகிச்சை முறிந்து செவர்ன் உடைந்த நிலையில் புடாபெஸ்ட்டை விட்டுப் போயிருந்தார்.

வீஸ்பாடன் கட்டுரையைப் படிக்க வேண்டாம் என்று ஃப்ராய்ட் கேட்டுக்கொண்டிருந்தார். அதன் ஆங்கில வடிவத்தை வெளியிடுவதாக இருந்த ஜோன்ஸ், ஃபெரன்சி இறந்ததும் நிறுத்திவைத்தார். அது ஆங்கிலத்தில் அச்சேற 1949 ஆயிற்று. குறிப்பேடு 1985இல்தான் பிரெஞ்சில் நூலாக வந்தது. அதில் செவர்ன் இருப்பது ‘ஆர்.என்.’ என்ற இரண்டெழுத்தாக. ‘ஆம், என்னால்தான்’ என்று மருத்துவர் சொல்லலாம் என்ற கருத்தே அரைநூற்றாண்டு மூடிவைக்கப்பட்டது.

6

அன்னா ஓ., டோரா, ஆர்.என். இந்தப் பெயர் மறைப்பு நோயாளியின் பாதுகாப்புக்காகத்தான் என்பது உண்மை. ஆனால் நம் மரபில் பெயர் மறைப்புக்கு ஒரு நீண்ட இலக்கணம் உண்டு. அதோடு ஒப்பிட்டால் வேறொன்று தெரிகிறது. அகத்திணையில் யார் பெயரையும் சுட்டிச் சொல்லக்கூடாது என்பது தொல்காப்பிய விதி. தலைவி பெயர் இல்லாதவள். தலைவனும் பெயர் இல்லாதவன். பரத்தையிடம் போய்த் திரும்புகிறவனுக்குத் தோழி வாயில் மறுக்கிறாள், ஊரறிய ஏசுகிறாள். ஆனால் பெயர் சொல்வதில்லை. இருவருக்கும் சமமான மறைப்பு. நோயாளி வரலாறு என்ற வடிவத்திலோ ஒரு பக்கம் மட்டும் அகம். நோயாளிக்குப் பெயர் கிடையாது. மருத்துவரின் பெயர் நூல் அட்டையில் இருக்கிறது. அவருடைய அகமோ, அதாவது அவர் ஏன் விட்டுப் போனார் என்பதோ, எங்கும் எழுதப்படுவதில்லை.

பெயர் சுட்டினால் அகம் புறமாகிவிடும் என்பதும் நம் மரபுதான். நெடுநல்வாடையில் பிரிந்திருக்கும் அரசியின் துயரம் அவ்வளவு அகமாகச் சொல்லப்பட்டும், பாசறையில் ஒரு வேலின் தலையில் கட்டிய வேம்பு பாண்டியனைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது என்பதால் அது புறம் என்றார் நச்சினார்க்கினியர். ஒரு வேப்பந்தழை போதும், துயரம் பொதுவெளிக்கு வந்துவிடுகிறது. முறையீடு என்பதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். அகத்தில் வைத்து ஆற்றிக்கொள்ளும்படி சொல்லப்பட்டதைப் புறத்துக்குக் கொண்டுவருவது. கோவலன் மாதவியிடம் போனபோது கண்ணகி எந்த அவைக்கும் போகவில்லை. அவன் கொலையுண்ட பிறகுதான் சிலம்போடு அரசன் முன்னால் நிற்கிறாள். கைவிடுதல் அவைக்கு உரிய வழக்கல்ல, பெண்ணும் நோயாளியும் பொறுத்துக்கொள்ள வேண்டிய ஒன்று என்ற எண்ணம் நமக்குள் ஆழமாக ஊறியிருக்கிறது.

பெர்த்தா பாப்பன்ஹைம் தமக்கான புறத்தை வேறு வழியில் அமைத்துக்கொண்டார். 1888இல் ஃப்ராங்க்ஃபர்ட்டுக்குக் குடிபெயர்ந்தார். மேரி உல்ஸ்டன்கிராஃப்டின் பெண்ணுரிமை நூலை 1899இல் ஜெர்மனில் மொழிபெயர்த்தார். 1904இல் யூதப் பெண்கள் கூட்டமைப்பை நிறுவினார். பெண்கள் விலைக்கு விற்கப்படுவதை எதிர்த்துக் கிழக்கு ஐரோப்பா வரை பயணம் செய்தார். மணமாகாத தாய்மார்களுக்கும் கைவிடப்பட்ட குழந்தைகளுக்கும் நோய்-ஈசன்பூர்க் என்ற ஊரில் 1907இல் இல்லம் திறந்தார். தம் பொறுப்பில் இருந்தவர்களுக்கு உளப்பகுப்பாய்வு வேண்டாம் என்று அவர் மறுத்ததாக அவரை அறிந்தவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மருத்துவத்தின் துணையின்றி மீண்டெழுந்த வீரநாயகி என்று இதைக் கொண்டாடிவிட்டுப் போகலாம். அப்படிச் செய்தால் ஆறு ஆண்டு நோயும் மார்ஃபினும் மறைந்துவிடும். இவ்வளவும் செய்தவரால் தம் கோப்பைத் திருத்த முடியவில்லை என்பதும் மறைந்துவிடும். 1936இல் அவர் இறந்து 36 ஆண்டுகள் கழித்துத்தான் அது திருத்தப்பட்டது, வேறொருவர் கையால்.

7

இனி நம் சூழலுக்கு வருவோம். தோழர்கள் சிலர் கேட்கக்கூடும்: ‘ஒரு அமர்வுக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்துப் பேசிட்டு வர்றவங்க கவலையா இப்ப முக்கியம்?’ நியாயமான கேள்வி. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாண்டார்கள். அவர்களைக் கைவிட்டது குடும்பம், சமூகம், அரசு எல்லாம்தான். அதன் பக்கத்தில் இரண்டு வரிக் குறுஞ்செய்தியை வைக்க எனக்கும் கூசுகிறது. ஆனால் இலக்கணம் ஒன்றுதான். ‘தீ விபத்தில் இறந்தனர்’ என்ற வாக்கியத்தில் சங்கிலி போட்ட கை எங்கே? மனநோயாளி சொல்வதை யாரும் சாட்சியமாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை என்ற ஒரே அனுமானம் கொட்டகையிலும் குளிரூட்டிய அறையிலும் செயல்படுகிறது. தவிர, பேச்சு வைத்தியம் இன்று பணக்காரர்களிடம் மட்டும் இல்லை. கல்லூரிகள், தொலைபேசி உதவி எண்கள், தொண்டு நிறுவனங்கள் எங்கும் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். பலர் குறைந்த சம்பளத்தில், ஒப்பந்தத்தில். ஒப்பந்தம் முடிந்த அன்று அவரிடம் பேசிவந்தவர்களும் நட்டாற்றில் விடப்படுகிறார்கள். ‘யாரால்?’ என்று கேட்டால் அங்கே விடை அந்த ஆலோசகர் அல்ல, நிர்வாகம். கேள்வியை விடாமல் கேட்டால்தான் இந்த வேறுபாடு தெரியவரும்.

சட்டத்தில் என்ன இருக்கிறது? 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. அதன் 25ஆம் பிரிவு, தம் அடிப்படை மருத்துவப் பதிவுகளைப் பெறும் உரிமையை நோயாளிக்குத் தருகிறது. 28ஆம் பிரிவு, மனநல நிறுவனத்தின் சேவைக் குறைபாடு குறித்து முதலில் அதன் பொறுப்பாளரிடமும், பிறகு மறுஆய்வு வாரியத்திடமும், அதற்கும் மேல் மாநில ஆணையத்திடமும் முறையிடலாம் என்கிறது. மருத்துவமனை உளவியலாளர்கள் 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டியவர்கள். இவற்றுக்கு வெளியே, ஒரு அறையை வாடகைக்குப் பிடித்துப் பலகை மாட்டிக்கொள்ளும் ஆலோசகர்தான் சிக்கல். 2021இல் வந்த துணைமருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் உளவியல், ஆலோசனைத் தொழில்களைத் தன் பட்டியலில் சேர்த்தது. கட்டணம் பெற்றுச் செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. ‘நுகர்வோர்’ என்ற சொல் எனக்கு உவப்பானதல்ல. மனத்துயரைச் சந்தைச் சரக்காக்கும் சொல் அது. ஆனாலும் அந்தச் சொல்லுக்கு எதிரே ‘சேவை அளித்தவர்’ என்று ஒரு வினைமுதல் நின்றாக வேண்டியிருக்கிறது. டிரான்ஸ்ஃபரன்ஸ் என்ற சொல் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிடுகிறது. நம் ஊரில் கவுன்சிலர் என்றால் முதலில் நினைவுக்கு வருபவர் வார்டு கவுன்சிலர். அவராவது ஓட்டுக் கேட்டுத் திரும்ப வாசலுக்கு வந்தாக வேண்டும்.

என் கோப்பின் நகலைக் கேட்டு மையத்துக்கு எழுதினேன். இரண்டு மாதம் கழித்து ஒரே ஒரு தாள் வந்தது. பதினான்கு மாதப் பேச்சு எட்டு வரியில் இருந்தது. கடைசி வரி ஆங்கிலத்தில்: கிளையண்ட் டிஸ்கன்டினியூட். அதாவது, வருவதை நிறுத்திக்கொண்டவன் நான்! பாப்பன்ஹைம் பயணம் போனாரே, அதே வாக்கியம். அந்த வரியை மட்டும் திருத்தித் தரும்படி எழுதியிருக்கிறேன். இழப்பீடு கேட்கவில்லை. அந்த ஆலோசகர் திரும்பி வந்து என்னிடம் பேச வேண்டும் என்றும் கேட்கவில்லை; அந்த ஆசை ஒருகாலத்தில் இருந்தது, இப்போது இல்லை.

இயக்கங்களிலும் பத்திரிகைகளிலும் மனநலம் பேசுகிற நாம் குறைந்தபட்சம் சிலவற்றைக் கோர முடியும். சிகிச்சை தொடங்கும்போதே அது எப்படி முடியும் என்பது எழுத்தில் தரப்பட வேண்டும். நிறுத்துவதானால் முன்னறிவிப்பும் முடித்துக்கொள்வதற்கு ஒரு சந்திப்பாவது வேண்டும். போக வேறு இடம் காட்டப்பட வேண்டும். கோப்பு கேட்டவுடன் கிடைக்க வேண்டும். அதில் நோயாளி தன் மறுப்பை எழுதிச் சேர்க்க இடம் வேண்டும். முறையீட்டை விசாரிப்பவர் அதே மையத்தின் ஆளாக இருக்கக்கூடாது. முறையிட்டவரின் நோய் அவரது முறையீட்டுக்கு எதிரான சாட்சியமாகக் கொள்ளப்படக்கூடாது. இவற்றில் எதற்கும் பெரிய செலவில்லை. ஆலோசகர்களை நாம் அழைத்துக் கூட்டங்கள் நடத்துகிறோம், அவர்களின் பெயர்களைத் தோழர்களுக்குப் பரிந்துரைக்கிறோம். அடுத்த முறை பரிந்துரைக்கும் முன்பு, நீங்கள் நிறுத்த நேர்ந்தால் என்ன செய்வீர்கள், கோப்பில் என்ன எழுதுவீர்கள் என்று அவரிடம் கேட்டுப் பார்க்கலாம். கேட்டவர்கள் கிடைத்த பதிலை எழுத வேண்டும்.